மஞ்சள் பூவுக்கு ‘ஊதா’ என்று பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் வசந்தகாலக் காட்டுப் பூக்களைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. நடுவில் ஒரு படம். தலை குனிந்த மஞ்சள் பூ ஒன்று, கீழே புள்ளி விழுந்த இலைகள் இரண்டு. படத்துக்குக் கீழே ‘நாய்ப்பல் ஊதாப்பூ’ என்று போட்டிருந்தீர்கள். அச்சில் நிறம் நன்றாகவே விழுந்திருந்தது, மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நிறங்கள் படிக்கிற என் பேத்தி அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். “அம்மம்மா, ஊதா எண்டா பேர்ப்பிள்தானே?” என்றாள். ஓம் என்றேன். “அப்ப இது ஏன் யெலோ?”

அவளுக்கு அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டிப் போடுவதாயிருந்தால் என்னைப் பற்றி எழுதியதை வெட்டுங்கள், பூவைப் பற்றி எழுதியதை விட்டுவிடுங்கள்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை. வடமராட்சியில் பிறந்து, 1991இல் கனடாவுக்கு வந்து, இருபத்திரண்டு வருடம் பொதி கட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்த்தவள். அந்த வருடங்களில் இந்த நாட்டுக் காட்டுக்குள் ஒருநாள் கூடக் கால் வைத்ததில்லை. நேரமில்லை என்று சொல்வேன். உண்மையில் பயம். ஊரில் எனக்குத் தெரிந்து காட்டுக்குள் போனவர்கள் எல்லாம் ஏதோ ஒன்றுக்குப் பயந்து போனவர்கள். பிறகு இவருக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்தது, தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். முதல் இரண்டு வருடம் கடைத்தொகுதிக்குள்ளே சுற்றிச் சுற்றி நடந்தோம். முதியோர் சங்கத்தில் ஒருவர்தான் எங்களை றூஜ் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்காபுறோவில் முப்பது வருடம் இருந்துவிட்டு, பத்து நிமிடக் கார் ஓட்டத்தில் இப்படி ஒரு காடு இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது வெட்கமாகத்தான் இருந்தது. 2015இல் அது கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆகியது. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேர் அதன் அருகே இருக்கிற மிருகக்காட்சிசாலையோடு திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் பூவை நான் முதலில் கண்டது அங்கேதான். சரியாகச் சொன்னால் முதலில் கண்டது இலையை.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஓரிரு நாள் இருக்கும். நிழலான பள்ளங்களில் ஸ்நோ இன்னும் அழுக்காய்க் கிடந்தது. மேப்பிள், பீச் மரங்களில் ஒரு இலை இல்லை. போன வருடத்துச் சருகு பாய் விரித்தது போலக் கிடந்தது. அந்தச் சருகைக் குத்திக்கொண்டு, இறுக்கமாகச் சுருட்டிய வெற்றிலை போல ஒன்று எழும்பி நின்றது. ஒரு இடத்தில் காய்ந்த இலை ஒன்றையே துளைத்துக்கொண்டு, கழுத்தில் மாலை போட்டது மாதிரி வந்திருந்தது. கிட்டக் குனிந்து பார்த்தால் ஒன்றிரண்டு இல்லை, சரிவு முழுக்க அதுதான். அடுத்த கிழமை போனபோது சுருள் விரிந்துவிட்டது. பச்சை இலை, அதன் மேலே மண்ணிறமும் கத்தரிப்பூ நிறமும் கலந்த திட்டுத் திட்டான புள்ளி. இவர் தடியை ஊன்றிக்கொண்டு பார்த்துவிட்டு, “கலவாய் மீன்ரை தோல் மாதிரி இருக்கு” என்றார். பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவருக்கு எதைப் பார்த்தாலும் மீன்தான்.

அவர் சொன்னதிலும் விசயம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. இதற்கு இங்கத்தைய ஆட்கள் சொல்கிற பெயர்களில் ஒன்று ‘ட்றவுட் லில்லி’. இங்குள்ள ஓடைகளில் இருக்கிற புறூக் ட்றவுட் மீனின் முதுகில் இதே மாதிரிப் புள்ளியும் நெளிவும் உண்டு. அந்த மீனைக் கண்டவன் வைத்த பெயர் அது. இன்னொருவனுக்கு அதே புள்ளி மான்குட்டியை நினைவூட்டியிருக்கிறது. ‘மான்குட்டி லில்லி’ என்றான். வேறொருவன் பாம்பின் நாக்கு என்றான். ஒரே இலைக்கு மீன், மான், பாம்பு. இந்த மூன்று பேரும் குனிந்து பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பாம்பு நாக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை, ஆனாலும் பார்த்திருக்கிறான்.

நீங்கள் எடுத்துப் போட்ட பெயருக்கு வருகிறேன். ஐரோப்பாவில் இந்தப் பூவுக்கு ஒரு சொந்தக்காரப் பூ இருக்கிறது. அதன் நிலத்தடிக் கிழங்கு வெள்ளையாய், நீண்டு, கூராய், அசல் நாயின் கோரைப்பல் மாதிரியே இருக்கும். பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். அங்கே அதை ‘நாய்ப்பல் வயலட்’ என்றார்கள். வயலட் என்ற செடியோடு அதற்கு ஒரு உறவும் கிடையாது. ஆனால் பல்லும் சரி, நிறமும் சரி, அந்த ஊர்ப் பூவுக்கு ஏதோ ஒரு விதத்தில் பொருந்தும். அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள் இந்தக் காட்டில் அதே சாயலில் ஒன்றைக் கண்டார்கள். நிறம் மஞ்சள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. ஊர்ப் பெயரைத் தூக்கி இதன் தலையில் வைத்துவிட்டார்கள். விஞ்ஞானப் பெயரும் இதே கதைதான். 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் பதிந்த ‘எரித்றோனியம்’ என்ற சொல் கிரேக்கத்தில் சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆக, இந்த மஞ்சள் பூவுக்கு ஒரு பெயரில் சிவப்பு, மற்றப் பெயரில் ஊதா.

அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. ஊரை விட்டு வந்தவன் அப்படித்தான் செய்வான். இங்கே வசந்தத்தில் புல்லில் தத்தித் தத்திப் புழு பிடிக்கிற சிவப்பு நெஞ்சுக் குருவி இருக்கிறதே, அதை ‘றொபின்’ என்கிறார்கள். இங்கிலாந்தின் றொபின் வேறு, சின்னஞ்சிறியது. நெஞ்சின் நிறத்தை மட்டும் கண்டு பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அதையும் விடுங்கள், நாங்கள் இருக்கிற இடத்தின் பெயரே அப்படி வந்ததுதான். 1793இல், அப்போது இங்கே ஆளுநராயிருந்த சிம்கோவின் மனைவி எலிசபெத், ஏரிக்கரையில் நிற்கிற அந்த வெள்ளை மண் மலைமுகட்டைப் பார்த்தார். இங்கிலாந்தின் ஸ்காபுறோ ஊர்க் கரை நினைவுக்கு வந்தது, அதே பெயரை இதற்கும் வைத்தார். இன்றைக்கு ஸ்காபுறோ என்றால் எங்களில் எவருக்காவது இங்கிலாந்து நினைவுக்கு வருமா? இடியப்பமும் கொத்துரொட்டியும்தான் வரும்.

ஆனால் அவர்கள் செய்தது ஒன்று, நாங்கள் செய்தது வேறொன்று. அவர்கள் தங்கள் ஊர் நினைவில் பிழையாகப் பெயர் வைத்தார்கள். நாங்கள் அவர்களுடைய ஊர் நினைவை, அவர்களுடைய பிழையோடு சேர்த்து, சொல்லுக்குச் சொல் தமிழாக்கி எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். ‘வயலட்’டை ‘ஊதா’ ஆக்கியதில் அந்தப் பிழை இன்னும் பெருத்துவிட்டது. ஆங்கிலத்தில் வயலட் என்றால் ஒரு செடியின் பெயராகவும் எடுக்கலாம். தமிழில் ஊதா நிறம் மட்டும்தான். மஞ்சள் படத்துக்குக் கீழே அதை எழுதும்போது ஒருவர் கூடப் படத்தைப் பார்க்கவில்லையா என்பதுதான் என் கேள்வி. கட்டுரை எழுதியவரைக் குறை சொல்லவில்லை. வார இதழ் வேலை எவ்வளவு அவசரம் என்று எனக்கும் தெரியும், என் மைத்துனர் ஒருவர் கொழும்பில் ஒப்புநோக்குநராக இருந்தவர்.

சரி, ‘ட்றவுட் லில்லி’யைத் தமிழாக்கினால் என்ன என்று நினைக்கலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. லில்லி என்று கண்டால் எங்கள் ஆட்களின் கை தானாகவே ‘அல்லி’ என்று எழுதும். அல்லி குளத்தில் பூப்பது. ‘ட்றவுட் அல்லி’ என்று எழுதினீர்களானால், மீனும் அல்லியும் சேர்ந்து, வாசிக்கிறவன் நேரே தண்ணீரைத் தேடிப் போவான். இதுவோ மேப்பிள் மரத்தடியில் நிற்பது.

கட்டுரையில் எனக்கு உண்மையாகவே நெஞ்சு துணுக்குற்ற இடம் பெயர் இல்லை. கடைசிப் பந்தியில், இந்தச் செடியை வேரோடு எடுத்துவந்து வீட்டுப் பூச்சாடியில் வைத்தால் அழகாக இருக்கும் என்று எழுதியிருந்தது. தயவுசெய்து அடுத்த இதழிலேயே அதைத் திருத்துங்கள். பூங்காவில் ஒரு செடியைத் தோண்டுவது சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். தோண்டினாலும் கிடைக்காது. கிழங்கு ஆழத்தில் கிடக்கும், காம்பு நிலத்துக்குள் நூல் போல மெலிந்து போகும். இழுத்தால் பாதியில் அறும். கையில் வருவது இரண்டு இலை, அதுவும் வீட்டுக்கு வருமுன் துவண்டுவிடும்.

இந்தச் செடியின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொன்னால் ஏன் இப்படி மன்றாடுகிறேன் என்று விளங்கும். போன சித்திரையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனோம். அவள் என் சால்வையைச் சருகின் மேலே நான்கு மூலையும் பிடித்து விரிக்கிற மாதிரிக் காட்டி, அவ்வளவு இடத்துக்குள் எத்தனை இலை என்று எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. பூ மூன்று. மூன்றே மூன்று! மற்றவை எல்லாம் ஒற்றை இலைக்காரர். ஒற்றை இலையோடு நிற்பது பூக்காது. விதையிலிருந்து முளைத்தது ஒவ்வொரு வருடமும் ஒரேயொரு இலையை விட்டு, சில கிழமை வெயிலைக் குடித்து, அந்தச் சத்தைக் கிழங்கில் சேர்த்துவைத்துவிட்டு மறையும். இப்படி ஏழு வருடம் போல ஆகும். பிறகு ஒரு சித்திரையில் இரண்டு இலை வரும். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்துதான் பூக்காம்பு. பேத்திக்கு வயது ஒன்பது. “நான் குழந்தையா இருந்தபோது முளைச்சதுதான் இப்ப பூத்திருக்கு” என்றாள். கணக்குச் சரி.

கிழங்குகள் நிலத்துக்கு அடியில் வெள்ளைத் தண்டுகளை விட்டு அவற்றின் நுனியில் புதிய கிழங்கு வைக்கும். சில தண்டுகள் சருகுக்கு மேலே வந்து வளைந்து திரும்பவும் மண்ணுக்குள் தலை குத்தும். முதன்முதலில் பார்த்தபோது புழு என்று நினைத்துக் காலைத் தூக்கிவிட்டேன். இப்படிப் பரவிப் பரவித்தான் சரிவு முழுக்க நிறைகிறது. சில கூட்டங்கள் நூற்றுக்கணக்கான வருடம் பழையவை என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எலிசபெத் சிம்கோ வந்தபோதே அந்தச் சரிவில் அது நின்றிருக்கக் கூடும்.

விதைக்கும் ஒரு வேடிக்கை இருக்கிறது. விதையின் ஒரு பக்கத்தில் கொழுப்பான சின்னச் சதை ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஆசைப்பட்டு எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும், சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடும். எறும்புக் குப்பை நல்ல பசளை. ஒரு வருடத்தில் எறும்பு எவ்வளவு தூரம் இழுக்கும்? சில அடிதான். ஒரு காடு அழிந்தால், பக்கத்துக் காட்டிலிருந்து இது நடந்து வந்து சேரப் பல தலைமுறை செல்லும்.

பூ இருப்பதும் கொஞ்ச நாள்தான். மரங்கள் இலை விட்டு நிழல் விழுமுன் எல்லா அலுவலையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதற்கு. காலையில் வெயில் பட்டதும் ஆறு இதழும் பின்பக்கம் மடியும். பின்னேரம் மூடும். மழை மூட்டமான நாளில் திறக்கவே திறக்காது. நாங்கள் இரண்டு முறை போய் ஏமாந்திருக்கிறோம். இதன் மகரந்தத்தையே நம்பி வசந்தத்தில் வெளியே வருகிற ஒரு வகை மண் தேனீ கூட உண்டு, நிலத்தில் துளை போட்டு வாழ்வது. வைகாசி கழிந்து போய்ப் பார்த்தால் இலை மஞ்சளித்துப் படுத்திருக்கும். ஆனி நடுவில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு பூங்காடு இருந்தது என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் வெறும் இடம்தானே என்று பாதையை விட்டு இறங்கி நடக்கிறார்கள். ஒரு சப்பாத்து மிதித்தால் ஒற்றை இலைக்காரருக்கு அந்த வருடச் சாப்பாடு போச்சு.

இவ்வளவு சொன்னவள் ஒரு பெயரும் சொல்ல வேண்டும்தானே. குறை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகிற பழக்கம் எனக்கில்லை.

அந்தப் பூ முதலில் விரிந்து கண்டபோது நான் சொன்ன சொல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “இஞ்சை பாருங்கோ, கார்த்திகைப்பூவின்ரை குட்டி!” என்றுதான் சொன்னேன். எங்கள் வீட்டுக் கிளுவை வேலியில், மாரி மழை தொடங்கியதும், எங்கிருந்து என்று தெரியாமல் அந்தக் காந்தள் கொடி எழும்பிவிடும். இலை நுனியைச் சுருட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஆறு இதழ், பின்பக்கம் மடிந்து, தீ மாதிரி. பூவின் முகம் நிலத்தைப் பார்க்கும். கிழங்கைத் தொடாதே, நஞ்சு என்று அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்லுவா. நிறத்தையும் உயரத்தையும் விட்டுவிட்டால் அதே நிற்பு, அதே மடிப்பு, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற அதே ஆறு மகரந்தத் தாள். என் மகன் பிறகு தேடிப் பார்த்துச் சொன்னான், அது சும்மா சாயல் மட்டும் இல்லையாம். முன்பு இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது குடும்பம் பிரித்துவிட்டாலும் இரண்டும் ஒரே வரிசைதான். நாய்ப்பல்லுக்கும் வயலட்டுக்கும் இல்லாத சொந்தம் இதற்கு எங்கள் வேலிப் பூவோடு இருக்கிறது.

அப்படியானால் ‘சித்திரைக் காந்தள்’ என்று வைக்கலாம் என்று நினைத்தேன். கடிதத்தின் முதல் படியில் அப்படித்தான் எழுதினேன். மகன் வாசித்துவிட்டு, “அம்மா, வெள்ளைக்காரன் செய்ததையே நீங்களும் செய்யிறியள். ஊர்ப் பூவின்ரை பெயரைக் கொண்டுவந்து இதுக்கு வைக்கிறியள்” என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாப்பிடாமல் கூட இருந்தேன். ஆனால் அவன் சொன்னது ஒரு பக்கம் சரிதான். மற்றப் பக்கம் எனக்குள்ளேயே ஒன்று உறுத்தியது. காந்தள் என்ற பெயர் தமிழ்நாட்டில் மாநில மலரின் பெயர். எங்களுக்கோ, நவம்பர் மாதக் கடைசியில் அந்தப் பூவை எதை நினைத்துக் கையில் எடுக்கிறோம் என்று இந்தப் பத்திரிகை வாசகருக்கு நான் எழுதத் தேவையில்லை. என் தம்பியின் படத்துக்கு முன்னால் வைக்கிற பூவின் பெயரை இன்னொன்றுக்குப் பங்குபோட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படியைக் கிழித்துவிட்டேன்.

பிறகு யோசித்தேன். காந்தளுக்கு ஊரில் நாங்கள் சொன்னது கார்த்திகைப்பூ. அது யாரையும் பார்த்து எழுதிய பெயரா? இல்லை. கார்த்திகையில் பூக்கிறது, கார்த்திகைப்பூ. பூ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வைத்த பெயர். அந்த வழியை மட்டும் எடுத்தால் போதும். இந்தப் பூ ஸ்காபுறோவில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுப்பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. எங்கள் நாட்காட்டியில் சித்திரை ஏப்ரல் நடுவில் பிறந்து மே நடுவில் முடிகிறது. இலை வெளியே வருவது புத்தாண்டுக் கிழமை, பூ உதிர்வது வைகாசி பிறக்கும் கிழமை. இங்கத்தைய மாதக் கணக்கில் இரண்டாக வெட்டுப்படுகிற பூ, எங்கள் கணக்கில் ஒரு மாதத்துக்குள் முழுசாக அடங்குகிறது.

ஆகவே, சித்திரைப்பூ. விபரமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘புள்ளியிலைச் சித்திரைப்பூ’ என்று எழுதலாம்.

சித்திரையில் ஊரில் கொன்றை பூக்கும், வேம்பு பூக்கும், அவற்றை விட்டுவிட்டு இதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் என்று முதியோர் சங்கத்தில் ஒருவர் கேட்டார். ஊரில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இங்கே சித்திரை பிறக்கும்போது கைவிசேடம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் காணக் கிடைப்பது உருகாத ஸ்நோவும் மொட்டை மரமும். கொன்றை எங்கே, வேப்பம்பூ எங்கே? வேப்பம்பூ வடகமே பொதியில்தான் வருகிறது. அந்த மாதத்தில் எங்களோடு சேர்ந்து வருசம் கொண்டாட வருவது இந்த மஞ்சள் பூவும், வெள்ளை ட்றிலியமும், இன்னும் இரண்டு மூன்றும்தான். ட்றிலியம் 1937இலிருந்து ஒன்ராறியோவின் மாகாண மலர், ஓட்டுநர் உரிமத்திலும் அரசாங்கக் கடிதத்திலும் பார்த்துப் பார்த்துச் சின்னப்பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். அதை அப்படியே ட்றிலியம் என்றே விடுங்கள், ‘மும்மலர்’ என்று ஒன்றும் செய்ய வேண்டாம். பழகிய பெயரைக் கலைப்பதும் பாவம்.

இந்த மண்ணில் எங்களுக்கும் வெள்ளைக்காரருக்கும் முன்னமே இருந்த பூர்வகுடிகளில் மிசிசாகா மக்களும் அடக்கம். அந்தச் சரிவில் இந்த இலையை எங்களுக்கு முன்னமே பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கண்டு, இதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு உங்கள் பத்திரிகையில் போட்டால், நான் வைத்த பெயரை அதற்குக் கீழே சின்ன எழுத்தில் போடச் சம்மதம்.

பெயர் எப்படி எல்லாம் இடம் மாறும் என்பதற்கு இன்னொன்று. யப்பானில் இதே இனத்துப் பூ ஒன்று உண்டு, பெயர் கட்டகுரி. அதன் கிழங்கிலிருந்து ஒருகாலத்தில் மா எடுத்தார்கள், ‘கட்டகுரிக்கோ’ என்று. இப்போது அந்தப் பெயரோடு பையில் வருகிறது உருளைக்கிழங்கு மா. பூ போய்விட்டது, பெயர் மட்டும் கடைத் தட்டில் இருக்கிறது. மகள் பொரியலுக்கு வாங்கி வந்த பையில் அந்தப் பெயரை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே வைத்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில் இப்படித்தான், கடையில் வாங்கிய மாவும் கதை சொல்லும்.

இரண்டு வேண்டுகோள். ஒன்று, தோண்டச் சொன்ன அந்தப் பந்திக்குத் திருத்தம் போடுங்கள். வீட்டில் வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள், காட்டில் பிடுங்காமல் நாற்றுமேடையில் வளர்த்த கிழங்கை, சுதேசத் தாவரங்கள் விற்கும் இடங்களில் வாங்கலாம். மர நிழல் உள்ள வளவாக இருக்க வேண்டும், இலையுதிர்காலச் சருகைக் கூட்டி அள்ளாமல் விடவேண்டும், பொறுமையும் வேண்டும். காட்டில் கை அரித்தால் பிடுங்க வேறொன்று இருக்கிறது: ‘கார்லிக் மஸ்ரட்’ என்று, இலையைக் கசக்கினால் உள்ளி மணக்கும். கறிக்காக ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டது, இப்போது இந்தச் சரிவுகளை மூடிக்கொண்டு வருகிறது. அதையும் தனியே போய்ப் பிடுங்காதீர்கள், பூங்காக்காரர் தொண்டர்களை அழைக்கிற நாளில் போங்கள். நானும் இவரும் போன வருடம் போனோம். நான் நாலு பை நிறைத்தேன், இவர் கதிரையில் இருந்து எண்ணினார்.

மற்றது, இத்துடன் பேத்தி எடுத்த படம் ஒன்று அனுப்புகிறேன். நீங்கள் போட்டதை விட வடிவு, பூவின் முகத்தைக் காட்ட அவள் சருகில் படுத்துக் கிடந்து எடுத்தது. போடுவதாயிருந்தால் அவளுடைய பெயர் வேண்டாம், ‘ஒரு மாணவி’ என்று போடுங்கள். படத்தின் வலது ஓரத்தில், மரத்துக்குப் பின்னால், பாதையின் பெயர்ப்பலகை கொஞ்சம் தெரிகிறது. அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டுப் போடவும்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து வந்த ஒரு வாசகி,
ஸ்காபுறோ